மூளை அறுவை அரங்கில் ஒரு குமிழி வேட்டை

தலையில் தொப்பி, முகத்தில் மாஸ்க், காலில் தியேட்டருக்கென்றே வைத்திருக்கும் செருப்பு. எல்லாம் மாட்டியாயிற்றா? அப்படியே என் பின்னால் வாருங்கள். பச்சைத் துணி போர்த்திய எதையும் தொடக்கூடாது, அது ஒன்றுதான் சட்டம்!

நாம் நுழைகிற ஆபரேஷன் தியேட்டரில் இன்று சிறுமூளையை ஒட்டியிருக்கும் ஒரு கட்டியை எடுக்கப்போகிறார்கள். இங்கே வருகிற எல்லாரும் எட்டிப் பார்க்க ஆசைப்படுவது மூளையைத்தான். அந்தப் பெரிய நுண்ணோக்கி, அதன் வழியே டிவி திரையில் ஈரப் பளபளப்போடு தெரியும் மடிப்புகள்... அந்தப் பக்கம் இன்னொரு நாள் போகலாம். இன்று நாம் நிற்கப்போவது துணித்திரைக்கு இந்தப் பக்கம், மயக்க மருந்து டாக்டரின் இடத்தில். இங்கே நின்று பார்த்தால்தான் யாரும் சொல்லாத ஒரு விஷயம் புரியும். தலையைத் திறந்து செய்யும் இந்த அறுவையில் நிமிடத்துக்கு நிமிடம் கவலையோடு கவனிக்கப்படுகிற உறுப்புகளில் ஒன்று நுரையீரல்! காரணம் காற்று. நீங்களும் நானும் இந்த அறையில் இழுத்து விடுகிற அதே காற்று. மூச்சுக்குழாய் வழியே வந்தால் உயிர் கொடுக்கிற அது, சிரை வழியே வந்தால் அதே நுரையீரலைப் படுத்தி எடுத்துவிடும்.

முதல் ஆச்சரியத்தைப் பாருங்கள். நோயாளி உட்கார்ந்திருக்கிறார்! ஆழ்ந்த மயக்கத்தில், மூச்சுக்குழாய்க்குள் டியூப் போட்டு, வென்டிலேட்டரில் மூச்சு ஓடிக்கொண்டிருக்க, ஆள் நாற்காலியில் சாய்ந்தது போன்ற வாக்கில் நிமிர்ந்து இருக்கிறார். மேசையின் முதுகுப்பக்கத்தைத் தூக்கி, தொடையை மடக்கி, முழங்காலை லேசாக உயர்த்தி, கால்களுக்கு இறுக்கமான உறை மாட்டியிருக்கிறார்கள். தலை முன்னோக்கிக் குனிந்திருக்கிறது. எவ்வளவு குனியலாம் என்பதற்கு ஓர் அழகான அளவு உண்டு: தாடைக்கும் நெஞ்செலும்புக்கும் நடுவே இரண்டு விரல் நுழைய இடம் வேண்டும். அதற்கும் குறைந்தால் கழுத்துச் சிரைகள் நெரிபடும், மூச்சுக்குழாய் டியூபும் மடங்கலாம். இத்தனை நவீனக் கருவிகள் நிற்கிற அறையில், மயக்க மருந்து டாக்டர் குனிந்து தன் இரண்டு விரலைச் செருகிப் பார்க்கிறார். எனக்கு இந்தக் காட்சி அவ்வளவு பிடிக்கும்!

தலை அசையாமல் நிற்பது மேஃபீல்டு கிளாம்பின் தயவில். மூன்று கூரான ஊசிமுனைகள் தோலைத் துளைத்து மண்டை ஓட்டின் வெளிப்புறத்தைக் கவ்விப் பிடித்திருக்கின்றன. அந்த மூன்று துளைகளையும் மறந்துவிடாதீர்கள். காற்று அங்கிருந்தும் நுழைந்திருக்கிறது. எல்லாம் முடிந்து கிளாம்பைக் கழற்றும் கடைசி நிமிடத்தில்கூட!

ஏன் இப்படி உட்கார வைக்க வேண்டும்? பாரிஸில் தியரி த மார்த்தெல் என்ற அறுவை மருத்துவர் 1913-இல் இந்த நிலையைக் கையாண்டார். லாபம் வெளிப்படை. ரத்தமும் மூளைத் தண்டுவட நீரும் தேங்காமல் தாமாகக் கீழே வடிந்துவிடுகின்றன. சிறுமூளை தன் எடையாலேயே கொஞ்சம் இறங்கி வழிவிடுகிறது. அறுவை செய்கிறவருக்கு ஆழத்தில் இருக்கும் நரம்புகளும் மூளைத்தண்டும் சுத்தமாகத் தெரிகின்றன. அந்தத் தெளிவுக்குக் கொடுக்கிற விலைதான் காற்று.

கணக்கை இங்கேயே போட்டுவிடலாம். ரத்தக்குழாயில் இதயத்தின் மட்டத்திலிருந்து 10 சென்டிமீட்டர் மேலே போனால் அழுத்தம் 7 முதல் 8 மில்லிமீட்டர் பாதரச அளவு இறங்கிவிடும். இதயத்துக்குத் திரும்பும் சிரைகளில் அழுத்தமே சொற்பம்தான். உட்கார்ந்திருக்கிறவரின் பின்மண்டை இதயத்துக்கு எவ்வளவு மேலே இருக்கிறது பாருங்கள்! அங்கே சிரைக்குள் இருக்கும் அழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்தைவிடக் குறைந்துவிடுகிறது. அதாவது வெட்டுப்பட்ட சிரை ரத்தத்தை வெளியே சிந்துவதற்குப் பதிலாகக் காற்றை உள்ளே உறிஞ்சுகிறது.

கையிலோ கழுத்திலோ உள்ள சிரை என்றால் அழுத்தம் குறைந்ததும் துவண்டு மூடிக்கொள்ளும். மூளையைச் சுற்றி ஓடும் பெரிய சிரைக்கால்வாய்களுக்கு அந்தக் குணம் கிடையாது. சைனஸ் என்பார்கள் (சளி பிடித்தால் நாம் திட்டுகிற மூக்குச் சைனஸ் வேறு). இவற்றின் சுவர் மூளையின் தடித்த வெளியுறையாலேயே ஆனது. அந்த உறை நாலாபுறமும் இழுத்துப் பிடித்திருப்பதால் சைனஸ் எப்போதும் வாயைத் திறந்தபடியே இருக்கும். மண்டை ஓட்டு எலும்புக்குள் ஓடும் குட்டிச் சிரைகளும் அப்படியே. எலும்போடு ஒட்டியிருப்பதால் அவற்றாலும் மூடிக்கொள்ள முடியாது. பின்மண்டை எலும்பைத் துளைக்கிற நேரம் மயக்க மருந்து டாக்டர் எதற்கும் திரும்பாமல் நிற்பது இதனால்தான்.

எவ்வளவு காற்று போகும்? பாடப்புத்தகங்களில் இருக்கும் ஒரு கணக்கு என்னை ஒவ்வொரு முறையும் மயிர்க்கூச்செறிய வைக்கும். வெறும் 5 சென்டிமீட்டர் நீரழுத்த வித்தியாசம் இருந்தால் போதும், 14 கேஜ் ஊசி அளவுள்ள துளை வழியே நொடிக்குச் சுமார் 100 மில்லி காற்று உள்ளே போக முடியும். வளர்ந்த ஒருவர் உயிருக்கு ஆபத்தாகும் அளவு என்று சொல்லப்படுவது 200 முதல் 300 மில்லி. நொடிகளை நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள்.

பயப்பட வேண்டாம். பெரும்பாலும் நடப்பது இதுவல்ல. உட்கார்ந்த நிலை அறுவைகளில் உணவுக்குழாய் வழியே எதிரொலிக் கருவி செலுத்தி இதயத்தைப் பார்த்த சில ஆய்வுகளில், முக்கால்வாசிப் பேருக்கு ஏதோ ஒரு நேரத்தில் குமிழிகள் தெரிந்திருக்கின்றன. அவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு ஒன்றும் ஆகவில்லை. பொடிக் குமிழிகள் வந்தன, நுரையீரலில் மாட்டின, கரைந்து மூச்சோடு வெளியே போயின. அந்த நுரையீரல் அதை யாருக்கும் சொல்லிக்கொள்ளவும் இல்லை. ஆனால் எந்தக் குமிழி சின்னதாக நிற்கும், எது பெரிய வரவின் முதல் அறிகுறி என்று முன்கூட்டியே தெரியாது. ஆகவே வேட்டை!

இப்போது காதைத் தீட்டுங்கள். ஒரு சத்தம் கேட்கிறதா? ஷ்ஷ்...உப், ஷ்ஷ்...உப் என்று சீராக. நோயாளியின் நெஞ்செலும்புக்கு வலப்பக்கம் ஒட்டியிருக்கிற வட்டமான கருவியின் குரல் அது. டாப்ளர். வலது இதயத்துக்குள் பாயும் ரத்தத்தை நோக்கி ஒலியலையை அனுப்பி, திரும்பி வருவதைச் சத்தமாக மாற்றித் தருகிறது. கிறிஸ்டியன் டாப்ளர் 1842-இல் பிராகில் இதன் பின்னால் இருக்கும் தத்துவத்தைச் சொன்னபோது அவர் மனத்தில் இருந்தவை இரட்டை நட்சத்திரங்களின் நிறங்கள். வானத்துக்காக யோசித்தது இங்கே ஒருவரின் நெஞ்சின்மேல் வந்து உட்கார்ந்திருக்கிறது! 1968-இல் அமெரிக்காவில் இண்டியானாவைச் சேர்ந்த மருத்துவர்கள், மிகச் சிறிய காற்றுக் குமிழிகளையும் ஒலியலையால் கண்டுபிடிக்கலாம் என்று எழுதினார்கள். அதன்பிறகு மேயோ கிளினிக்கில் மிக்கன்ஃபெல்டரும் அவர் குழுவினரும் அதை நரம்பு அறுவையின் அன்றாடக் கருவியாக்கப் பெரிதும் உழைத்தார்கள்.

கருவி சரியான இடத்தில் ஒட்டியிருக்கிறதா என்று சோதிப்பது இன்னும் வேடிக்கை. கொஞ்சம் சலைனைச் சிரிஞ்சில் வேகமாக அடித்துக் கலக்கி சிரைக்குள் செலுத்துகிறார்கள். கலக்கிய நீரில் இருக்கும் நுண்குமிழிகள் வலது இதயத்தை எட்டியதும் டாப்ளர் கரகரவென்று கத்துகிறது. கத்தினால் எல்லார் முகத்திலும் ஒரு நிம்மதி. சீரான சத்தம் கரகரப்பாக மாறினால் காற்று என்பதை, அறுவை தொடங்கும் முன்பே அறையில் எல்லாக் காதுகளும் கேட்டுவைத்துக்கொள்கின்றன.

டாப்ளர் மட்டுமா இருக்கிறது! உணவுக்குழாய் வழியே இறக்கிய எதிரொலிக் கருவி இதயத்தின் நான்கு அறைகளையும் திரையில் காட்டுகிறது. குமிழி வந்தால் கறுப்புப் பின்னணியில் வெள்ளைப் புள்ளிகள் சுழலும். இன்னொரு திரையில், மூச்சு வெளியேறி முடியும் தருணத்தில் அதில் எவ்வளவு கார்பன் டை ஆக்சைடு இருக்கிறது என்ற கோடு ஓடுகிறது. இவை ஒவ்வொன்றும் எப்போது விழித்துக்கொள்ளும் என்பதை 60 கிலோ எடையுள்ள ஒருவருக்குக் கணக்கிட்டால் வித்தியாசம் தெரியும். எதிரொலிக் கருவி ஏறக்குறைய 1.2 மில்லி காற்றையே பார்த்துவிடும். டாப்ளர் 3 மில்லிக்குக் குரல் கொடுக்கும். கார்பன் டை ஆக்சைடு கோடு இறங்க 30 மில்லி வேண்டும். ஸ்டெதஸ்கோப்பில் கேட்கும் பழைய அடையாளம் ஒன்று உண்டு, தண்ணீர்ச் சக்கரம் சுழல்வது போன்ற சளசளப்பு. புத்தகங்களில் பெருமையாக எழுதப்பட்டிருக்கும் அந்த ஓசை வருவதற்குள் 90 மில்லிக்கு மேல் உள்ளே போயிருக்கும்! அதை நம்பிக் காத்திருந்த காலத்து மருத்துவர்களை நினைத்தால் மனம் பதறுகிறது.

எலும்பைத் திறந்துகொண்டிருக்கிறார்கள். சத்தம் மாறுகிறது. இந்த நேரத்தில் திரைக்கு இரு பக்கமும் பேச்சு தந்தி மாதிரி சுருங்கிவிடும்.

“சார், டாப்ளர்ல ஏர் கேக்குது.”

“எவ்வளவு?”

“சிஓடூ முப்பத்தஞ்சுல இருந்து முப்பதுக்கு வந்துடுச்சு சார்.”

“சிஸ்டர், சலைன் ஊத்துங்க. போன் வேக்ஸ் குடுங்க.”

அவ்வளவுதான். அடுத்த அரை நிமிடத்தில் நடப்பதைப் பார்க்க இரண்டு கண் போதாது! அறுவை மருத்துவர் புண் முழுவதையும் சலைனால் நிரப்புகிறார். தண்ணீர் மூடிவிட்டால் சிரை இனி உறிஞ்சப்போவது தண்ணீரைத்தான், காற்றை அல்ல. எலும்பின் ஓரங்களில் மெழுகை அழுத்தித் தேய்க்கிறார். இந்த மெழுகுக்கு ஒரு தனி வணக்கம் சொல்ல வேண்டும். லண்டனின் விக்டர் ஹார்ஸ்லி 1892-இல் எழுதிவைத்த செய்முறையில் இருந்தது தேன்மெழுகும் கொஞ்சம் பாதாம் எண்ணெயும் சாலிசிலிக் அமிலமும். நூற்றாண்டு தாண்டியும் போன் வேக்ஸில் தேன்மெழுகு இருக்கிறது. தேனீக்கள் செய்த பொருள் மண்டை ஓட்டில் காற்று புகும் வழியை அடைக்கிறது!

இந்தப் பக்கம் மயக்க மருந்து டாக்டர் கழுத்துச் சிரைகளை இரு புறமும் மெல்ல அழுத்திப் பிடிக்கிறார். தலைக்குள் சிரை அழுத்தம் ஏறும். காற்று உறிஞ்சப்படுவது நிற்கும், கூடவே எந்த இடத்தில் ஓட்டை என்பதும் தெரிந்துவிடும். அங்கிருந்து ரத்தம் கசியுமே! வென்டிலேட்டரில் நூறு சதவீத ஆக்சிஜன். நைட்ரஸ் ஆக்சைடு ஓடிக்கொண்டிருந்தால் உடனே நிறுத்தம். ரத்தத்தில் நைட்ரஜனைவிட 34 மடங்கு கரையும் அந்த வாயு குமிழிக்குள் புகுந்து அதை ஊதிப் பெருக்கிவிடும். பல இடங்களில் இந்த வகை அறுவைக்கு அதைத் தொடுவதே இல்லை.

அப்புறம் சென்ட்ரல் லைன். நுனியில் பல துளைகள் உள்ள நீண்ட குழாய், மேல்பெருஞ்சிரையும் வலது இதயமேலறையும் சேரும் இடத்துக்கு அருகே காத்திருக்கிறது. அதில் சிரிஞ்சைப் பொருத்தி இழுத்தால் நுரைத்த ரத்தம் வரும். எப்போதும் நிறைய வராது. ஆனால் அந்த நுரையைக் கண்ணால் பார்க்கிற நிமிடம் சத்தத்தில் கேட்ட குமிழி கைக்குக் கிடைத்துவிட்டது போல ஆகிவிடுகிறது. குழாயின் நுனியைச் சரியான இடத்தில் நிறுத்துவதற்கும் ஒரு சாமர்த்தியம் உண்டு. குழாயையே ஈசிஜி கம்பியாக மாற்றி, இதயத்தின் பி அலை எப்படி உருமாறுகிறது என்று பார்த்துப் பார்த்து நகர்த்துவார்கள். இதயமே தன் வாசலைக் காட்டிக்கொடுக்கிறது!

இன்னும் நிலைமை மோசமானால் மேசையைச் சாய்த்துத் தலையைத் தாழ்த்துவார்கள். 1947-இல் பிலடெல்பியாவின் டுரான்ட் குழுவினர், காற்று புகுந்த நாய்களை இடப்பக்கம் சாய்த்துப் படுக்க வைத்தால் பிழைக்கின்றன என்று காட்டினார்கள். அதிலிருந்து அது பாடமாகிவிட்டது. 1990-களில் மறுபடி நாய்களில் சோதித்தவர்களுக்கு அவ்வளவு பலன் தெரியவில்லை. தலையை மூன்று முனைகளில் கவ்விப் பிடித்திருக்கும் ஒருவரைச் சட்டென்று பக்கவாட்டில் புரட்டுவது எப்படியும் ஆகிற காரியமில்லை. தலையைத் தாழ்த்தினால் காற்று மேலும் புகுவது நிற்கும் என்பதற்காகவாவது அது செய்யப்படுகிறது.

சரி, உள்ளே போய்விட்ட காற்று? அதன் பின்னாலேயே ஓடுவோம் வாருங்கள். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

காற்று வலது இதயத்துக்கு வருகிறது. மொத்தமாக வந்தால் என்ன ஆகும் என்பது கிணற்று மோட்டார் வைத்திருக்கும் எல்லா வீட்டுக்கும் தெரியும். ஏர் பிடித்துவிட்ட மோட்டார் ஓடுகிறது, தண்ணீர் ஏறுவதில்லை. வலது இதயமும் அப்படியே துடிக்கிறது, ரத்தம் நகர்வதில்லை. மரணம் நேர்கிற வழி இது. சிறிது சிறிதாக வந்தால் இதயம் அதை நுரையாக அடித்து நுரையீரலுக்குத் தள்ளிவிடுகிறது.

நிமிடத்துக்கு ஐந்து லிட்டர், உடலின் மொத்த ரத்தமும் நுரையீரல் வழியே போயாக வேண்டும். சுமார் 48 கோடி காற்றறைகளைச் சுற்றிப் படர்ந்திருக்கும் குழாய்கள், கடைசியில் ஒரு சிவப்பணு நெளிந்து நுழையும் அளவுக்குக் குறுகுகின்றன. குமிழிகள் இங்கே வந்து சிக்குகின்றன. நாய்களில் செய்த சோதனைகளில் சுமார் 22 மைக்ரோமீட்டருக்கு மேற்பட்ட குமிழிகளை நுரையீரல் வடிகட்டிவிடுவது தெரிந்தது. மூச்சு விடுவது மட்டும்தான் அதன் வேலை என்று நாம் நினைத்துக்கொண்டிருக்க, அது மூளைக்கும் இதயத்துக்கும் குமிழி போகாமல் தடுத்துக்கொண்டிருக்கிறது! மூளையைத் திறந்த வழியே புகுந்த காற்றை, திரும்பிச் சுற்றி மூளைக்கே போகவிடாமல் தன் குழாய்களில் வாங்கி வைத்துக்கொள்கிறது.

சிக்கிய குமிழிக்கு அந்தப் பக்கம் ரத்தம் போகாது. காற்றறையில் காற்று வந்து போகிறது, ஆனால் அதனிடம் கார்பன் டை ஆக்சைடைக் கொடுக்க ரத்தம் இல்லை. வீண் மூச்சு. திரையில் கோடு இறங்கியது இதனால்தான்! அதே நேரம் தமனி ரத்தத்தை எடுத்து அளந்தால் கார்பன் டை ஆக்சைடு ஏறியிருக்கும். மூச்சில் குறைவு, ரத்தத்தில் அதிகம். இந்த இரண்டு எண்களுக்கும் நடுவே விரிகிற இடைவெளியைப் பார்த்தே அனுபவசாலிகள் நுரையீரலின் எவ்வளவு பகுதி அடைபட்டிருக்கிறது என்று ஊகித்துவிடுவார்கள். நுரையீரல் தமனியில் அழுத்தம் ஏறுகிறது, வலது இதயம் திணறுகிறது, சிலருக்கு மூச்சுக்குழல்களும் இறுகுகின்றன, ஆக்சிஜன் அளவு சரிகிறது.

அடைப்போடு முடிந்தால் பரவாயில்லை. குமிழி கரைந்ததும் எல்லாம் பழையபடி ஆகிவிட வேண்டுமே? அப்படி ஆகாததுதான் இதில் உள்ள பெரிய மர்மம். ரத்தத்துக்கும் காற்றுக்கும் இடையே இருக்கும் அந்த மெல்லிய எல்லை உடலுக்குப் பரிச்சயமில்லாத ஒன்று. ரத்தத்துக்குள் காற்று முகம் காட்டக்கூடாது என்றுதான் உடல் கட்டப்பட்டிருக்கிறது. குமிழியின் மேற்பரப்பில் புரதங்கள் ஒட்டி உருக்குலைகின்றன. ரத்தத்தட்டுகள் சேர்கின்றன, ஃபைப்ரின் இழை பின்னுகிறது, காம்ப்ளிமென்ட் என்ற எதிர்ப்புப் புரத வரிசை கிளறப்படுகிறது. நியூட்ரோஃபில் வெள்ளையணுக்கள் கிருமி வந்துவிட்டதாகவே எண்ணிப் போருக்கு வருகின்றன! அவை கக்கும் வேதிப்பொருள்கள் குமிழியை ஒன்றும் செய்யாது. பக்கத்தில் இருக்கும் ரத்தக்குழாயின் உட்சுவரைத்தான் புண்ணாக்கும். 1980-களில் செம்மறி ஆடுகளின் நுரையீரலிலிருந்து வடியும் நிணநீரைச் சேகரித்து அளந்து, காற்றுக் குமிழிகள் போனதும் கசிவு கூடுவதைக் காட்டினார்கள். ஹைட்ரஜன் பெராக்சைடைச் சிதைக்கும் கேட்டலேஸ் என்ற நொதியைக் கொடுத்தபோது அந்தக் கசிவு தடுக்கப்பட்டது. அப்பாவிக் காற்று, சண்டைக்காரப் பாதுகாவலர்கள், நடுவில் மாட்டிய சுவர்!

அந்தச் சுவரின் தடிமன் பல இடங்களில் ஒரு மைக்ரோமீட்டரில் பாதிகூடக் கிடையாது. அது புண்பட்டால் ரத்தத்தின் நீரும் புரதமும் காற்றறைக்குள் கசிகின்றன. நுரையீரல் நீர்க்கோர்ப்பு. மாரடைப்பு வந்தவருக்கும் நுரையீரலில் நீர் கோக்கும், ஆனால் அங்கே இதயம் ரத்தத்தைத் தள்ள முடியாமல் பின்னால் அழுத்தம் தேங்கியதால் வருவது அது. இங்கே இடது இதயம் நன்றாகவே இருக்கிறது, சுவர்தான் ஓட்டை. சிலருக்கு இது அதிகமாகி ஏஆர்டிஎஸ் என்ற கடும் நுரையீரல் செயலிழப்பு வரை போகலாம்.

அது தலைகாட்டும் நேரமும் விசித்திரமானது. கட்டியை எடுத்தாயிற்று, மூடித் தைத்தாயிற்று, குமிழிச் சத்தம் நின்று நெடுநேரமாயிற்று. எல்லாரும் மூச்சு விடுகிற சமயத்தில் வென்டிலேட்டர் அழுத்தம் ஏறுகிறது. ஆக்சிஜன் 100-இலிருந்து 92, 90. டியூபுக்குள் இளஞ்சிவப்பு நுரை எட்டிப் பார்க்கலாம். ஸ்டெதஸ்கோப்பை முதுகில் வைத்தால் இரு பக்கமும் படபடவென்று நீர்க் குமிழிகள் உடைகிற ஓசை. எக்ஸ்ரேயில் கறுப்பாகத் தெரிய வேண்டிய நுரையீரல் இரண்டு பக்கமும் பஞ்சு அடைத்தாற்போல வெளுத்திருக்கிறது.

இங்கிருந்து துப்பறிதல் தொடங்குகிறது, நான் ரசித்து ரசித்துப் பார்க்கிற துப்பறிதல்! நுரையீரல் வெளுக்கப் பல காரணங்கள் உண்டு. இரைப்பையில் இருந்தது மூச்சுக்குழாய்க்குள் இறங்கியிருக்கலாம். சலைன் அதிகமாக ஏறியிருக்கலாம். ரத்தம் ஏற்றியதன் எதிர்விளைவாக இருக்கலாம். மூளைத்தண்டைத் தொட்ட அறுவை என்பதால், மூளை கிளறப்பட்டு அட்ரினலின் வெள்ளமாகப் பாய்ந்து நுரையீரலில் நீர் கோத்திருக்கலாம், அதற்கென்றே நரம்புவழி நீர்க்கோர்ப்பு என்று தனிப் பெயர் இருக்கிறது. ஆகவே தியேட்டர் பதிவேட்டைப் புரட்டுகிறார்கள். இத்தனை மணிக்கு டாப்ளர் சத்தம் மாறியது, இத்தனை மணிக்குக் கோடு இறங்கியது, சிரிஞ்சில் இவ்வளவு நுரை வந்தது. மயக்க மருந்து டாக்டர் பரபரப்பின் நடுவிலும் எழுதிவைத்த அந்த இரண்டு வரி, ஐசியூவில் சிகிச்சையின் திசையையே மாற்றிவிடும்.

சிகிச்சை? குமிழிக்கென்று மருந்து கிடையாது. நுரையீரலுக்கு அவகாசம் வாங்கித்தர வேண்டும், அவ்வளவே. டியூபை எடுக்காமல் வென்டிலேட்டரிலேயே வைத்து, மூச்சு வெளியேறி முடிந்த பிறகும் காற்றறைகள் சுருங்கிவிடாதபடி கொஞ்சம் அழுத்தத்தை விட்டுவைக்கிறார்கள். சிறிய மூச்சுகளாகக் கொடுக்கிறார்கள். ஆக்சிஜனைக் கூட்டுகிறார்கள், நீரை அளந்து விடுகிறார்கள். ஆனால் இவர் மூளை அறுவை ஆனவர்! நெஞ்சில் அழுத்தம் கூடினால் தலையிலிருந்து ரத்தம் இறங்குவது தடைபடும். கார்பன் டை ஆக்சைடு ஏறினால் மூளை ரத்தக்குழாய்கள் விரிந்து வீங்கும். நுரையீரலுக்கு நல்லது மூளைக்கு ஆகாது, மூளைக்கு நல்லது நுரையீரலுக்குப் போதாது. ஐசியூ டாக்டர்கள் ஒவ்வொரு எண்ணையும் பேரம் பேசுவது போல ஒன்று, அரை என்று நகர்த்துவதைப் பாருங்கள். இவ்வளவு நுணுக்கமான கைவேலை மருத்துவத்தில் குறைவு என்று சொல்லத் துணிவேன்.

நல்ல செய்தி, இந்த நீர்க்கோர்ப்பு பெரும்பாலும் சீக்கிரம் வடிந்துவிடுகிறது. மருத்துவ இதழ்களில் வந்திருக்கும் பல நோயாளிகளின் விவரங்களில் ஓரிரு நாளிலேயே எக்ஸ்ரே தெளிந்து டியூப் வெளியே வந்திருக்கிறது. குமிழிகள் என்ன ஆயின என்கிறீர்களா? நூறு சதவீத ஆக்சிஜன் கொடுத்தார்களே, அதற்கு இன்னொரு பயனும் இருக்கிறது. ரத்தத்தில் நைட்ரஜன் குறைந்ததும் குமிழிக்குள் இருந்த நைட்ரஜன் வெளியே கசிந்து, காற்றறைக்குள் போய், மூச்சோடு அறைக்கே திரும்பிவிடுகிறது.

உட்கார்ந்த நிலையை இப்போது பல மருத்துவமனைகள் வெகுவாகக் குறைத்துவிட்டன. குப்புறவோ பக்கவாட்டிலோ படுக்க வைத்துச் செய்கிறார்கள். அங்கும் குமிழி முற்றிலும் விடாது, எண்ணிக்கைதான் குறையும். கைக்குழந்தைகளின் மண்டை ஓட்டுப் பொருத்துகளைத் திருத்தும் அறுவையில், குழந்தை மல்லாந்து படுத்திருந்தும் டாப்ளர் அடிக்கடி கத்துகிறது! உடம்போடு பார்க்கக் குழந்தையின் தலை பெரிது, படுத்தாலும் அது இதயத்தைவிட உயரத்தில் இருக்கும்.

போவதற்கு முன் ஒரு கடைசி எட்டிப் பார்த்தல். இதற்குத் தியேட்டரை விட்டு வெளியே, அறுவைக்குச் சில நாள் முன்பு நடக்கும் பரிசோதனை அறைக்கு வர வேண்டும். இங்கே வேண்டுமென்றே குமிழி விடுகிறார்கள்! இரண்டு சிரிஞ்சுகளில் 9 மில்லி சலைனும் 1 மில்லி காற்றும் முன்னும் பின்னும் அடித்துக் கலக்கி, கைச் சிரையில் செலுத்தி, இதயத்தை எதிரொலிக் கருவியில் பார்க்கிறார்கள். முக்குவது போல மூச்சை அடக்கி விடச் சொல்கிறார்கள். வலது மேலறை முழுவதும் வெள்ளைப் புள்ளிகள். இடது மேலறை கறுப்பாகவே இருக்க வேண்டும், ஏனென்றால் நுரையீரல் எல்லாவற்றையும் பிடித்துவிடும். மூன்று துடிப்புக்குள் இடப்பக்கமும் புள்ளிகள் மின்னினால், இரண்டு மேலறைகளுக்கும் நடுவே, கருவில் இருந்தபோது திறந்திருந்த கதவு இன்னும் மூடவில்லை என்று அர்த்தம். மேயோ கிளினிக்கில் 1984-இல் வெளியிட்ட பிரேதப் பரிசோதனை ஆய்வில், 965 இதயங்களில் 27.3 சதவீதத்தில் அந்தக் கதவு திறந்திருந்தது. ஏறக்குறைய நாலில் ஒருவர்! அவர்களுக்கு நுரையீரலின் வடிகட்டலைத் தாண்டிக் குமிழி நேராக மூளைக்குப் போக வழி இருக்கிறது.

அந்தப் புள்ளிகள் தெரிந்தால் பேச்சு தொடங்கும். சில இடங்களில் உட்கார்ந்த நிலையை அப்போதே கைவிட்டுப் படுக்கை நிலைக்கு மாறுவார்கள். சில நேரம் அறுவைக்கு முன்பே இதயக் கதவை அடைக்கும் சிறு கருவியைப் பொருத்துவது பற்றி யோசிப்பார்கள். ஜெர்மனியின் டூபிங்கன் மருத்துவர்கள், கால்களை உயரத் தூக்கி வைக்கும் அரை உட்கார்ந்த நிலையில், எதிரொலிக் கருவியின் முழுக் கண்காணிப்போடு, கதவு திறந்திருக்கும் நோயாளிகளுக்கும் அறுவை செய்து அதை எழுதியிருக்கிறார்கள். அவர்கள் குமிழி வரவை ஐந்து படிகளாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள்: திரையில் மட்டும் தெரிவது முதல் படி, கார்பன் டை ஆக்சைடு கோடு 3 மில்லிமீட்டர் பாதரச அளவு வரை இறங்கினால் இரண்டாவது, அதற்கு மேல் இறங்கினால் மூன்றாவது, ரத்த அழுத்தமோ துடிப்போ ஆட்டம் கண்டால் நான்காவது, இதயத்தை அழுத்தி மீட்க வேண்டிய நிலை ஐந்தாவது. எந்தப் படி வந்தால் யார் என்ன செய்வது என்பதை அறுவை மருத்துவரும் மயக்க மருந்து டாக்டரும் கத்தி எடுப்பதற்கு முன்பே பேசி முடித்துவிடுகிறார்கள்.